நூறு அடி தள்ளி நின்று

பார்சலில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு எல்.ஈ.டி. பல்பு,
முதுகில் குட்டி விசிறி,
பெட்டிமேல் பொய்யைப்போலப் பெரிய ஓர் எண்.

என் வண்டிக்கு இருபத்திரண்டு வயது.
அதன் முகப்பு விளக்கு
ஆறிப்போன தேநீரின் நிறத்தில்
முன்சக்கரத்துக்கு மட்டும் வழி சொல்லும்.
மாராவாவிலிருந்து பால்பண்ணைக்கு முப்பத்தொரு கிலோமீட்டர்.
மூன்றரை மணிக்குக் கறவை.
டாஸ்மேனியாவின் இந்த மூலையில்
அந்நேரத்துச் சாலை நம்முடையதல்ல.
வாலபிகளுடையது,
அடிபட்ட வாலபியைத் தின்ன வரும் டெவில்களுடையது.
போன ஜூனில் ஒன்று குறுக்கே பாய்ந்து
என் காறை எலும்பு போயிற்று.
அது எழுந்து போய்விட்டது. நான்தான் கிடந்தேன்.

ரப்பர் மூடி விசிறிமேல் ஏறவில்லை.
கத்தியால் ஓட்டை போட்டேன்.
கொட்டகைச் சுவரில் ஒளி விழுந்தபோது
துருப்பிடித்த ஆணிகளுக்கும் நிழல் இருந்தது.

முதல் இரவை எப்படிச் சொல்ல.
சாலை தன்னைத்தானே அவிழ்த்துக்கொண்டு வந்தது.
வேலிக்கம்பியில் பனித்துளி எண்ணலாம்.
புல்லுக்குள் கண்கள், கண்கள்,
சோடி சோடியாய்ப் பச்சைக் கண்கள்.
தொண்ணூறில் போனேன். பாடக்கூடச் செய்தேன்,
ஹெல்மெட்டுக்குள், யாருக்கும் கேட்காமல்.

சதுப்பு வளைவில் எதிரே பால் டேங்கர்.
டிம்-டிப் அடித்தது, இரண்டு தரம்.
நான் டிம்மில்தான் இருந்தேன்.
கையைத் தூக்கிக் காட்டினேன், வணக்கம் அல்ல.

பண்ணையில் குழாயோடு வந்தாள் கெரின் ட்ராஃபர்ட்,
ஏழாம் வகுப்பில் என் காம்பஸை வாங்கித் திருப்பாதவள்.
"அது நீதானா?
மூன்று விநாடி ஞாபகத்தில் ஓட்டினேன்.
இருபத்தாறு டன்."
உயரத்தில் உட்கார்ந்திருக்கிறாய், உனக்கென்ன என்றேன்.
அவள் குழாயை மாட்டினாள். வால்வைத் திருகினாள்.
பால் ஏறும் சத்தம் மட்டும்.

அன்றிரவு
யாருமில்லா நேர்சாலையில் ஓரமாய் நிறுத்தி,
எஞ்சின் ஓட, விளக்கு எரிய,
நூறு அடி நடந்து
திரும்பினேன்.

வண்டி இல்லை.
சாலை இல்லை, வேலி இல்லை.
முகத்துக்கு வந்த கையை நான் அனுப்பவில்லை.
கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல என்பார்கள்.
வெள்ளைத் துணியாலும் கட்டலாம்.

பக்கத்தில் ஏதோ மூச்சு விட்டது.
ஒரு வாலபி, பாதி திரும்பிய நிலையில்,
என்னைப்போலவே வெளுத்து.
எனக்கு மறைக்க இரண்டு கை.
அதற்கும் இரண்டு கை, நெஞ்சோடு சேர்த்து.
அது தூக்கவில்லை.

ஒரு மெல்லிய இழை எங்கே நிற்கும் என்று
கணக்குப் போட்டு வளைத்த கிண்ணம் அது.
அங்கே வேறெதை நிறுத்தினாலும்
எதிரில் வருபவர் மடியில் சிந்தும்.
ஒரு மணி நேரம் திருகாணியோடு மல்லுக்கட்டியபின்
இதை ஒத்துக்கொண்டேன்.
ஒத்துக்கொண்டது கெரினிடம் அல்ல.

பழைய ஹாலஜனே மறுபடி.
அரித்துப்போன ஒயரை உருவிவிட்டு
பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர், ஒரு ரிலே.
மஞ்சள் படிந்த கண்ணாடியை
ஈர உப்புத்தாளால் மூன்று மாலை தேய்த்தேன்.
தேநீர் கொஞ்சம் சூடாயிற்று, அவ்வளவுதான்.
எழுபதுக்குப் போதும்.
பதினோரு நிமிடம் முன்னதாகக் கிளம்புகிறேன்,
அந்தப் பதினோரு நிமிடத்தை இன்னும் திட்டிக்கொண்டே.

பல்பு கன்று ஈனும் கொட்டகையில் தொங்குகிறது,
பழைய டிராக்டர் பேட்டரியில்.
ஆகஸ்டில் ஒரு கிடேரி தவித்த இரவு போட்டேன்.
அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.
பல்பைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன்.
சுவர் திருப்பிக் கொடுத்த மிச்சத்தில்
இரண்டு குளம்புகள் தெரிந்தன,
ஈரமாய், நேராய், வரவேண்டிய விதத்தில்.

கெரின் இன்னும் சதுப்பு வளைவில்
ஒரே ஒரு தரம் டிம்-டிப் அடிக்கிறாள்.
நன்றியா கிண்டலா, தெரியவில்லை.
நான் டிம்மில்தான் இருக்கிறேன்.