குழி

விண்ணப்பத்தில் பதினோராவது கேள்வி:
பயன்பெறப்போகும் பிள்ளைகள் எத்தனை?
பதினேழு என்று எழுதினேன்.
பக்கத்தில் நின்ற ரீமாவின் வயிற்றைப் பார்த்துவிட்டுப்
பதினெட்டாகத் திருத்தினேன்.

பெண்டில் ஹில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம்
மூன்று அடுக்குமாடிகள் முதுகைத் திருப்பிக்கொண்ட இடம்.
கவிழ்ந்த கடைத் தள்ளுவண்டி, கதவில்லாத ஃப்ரிட்ஜ்,
யாரோ போட்டுப்போன மெத்தையைக் கிழித்துக்கொண்டு
இடுப்புயரப் புல்.
கவுன்சில் வரைபடத்தில் அதற்குப் பெயர் கிடையாது,
எண் மட்டும்தான்.

மண்ணைத் தயிர் டப்பாவில் அடைத்துச் சோதனைக்கு அனுப்பினோம்.
ஈயம் இருக்கிறது என்று வந்தது பதில்.
உதிர்ந்த சாயமோ, ஓடிய வண்டிகளின் புகையோ,
எங்களுக்கு முந்திக் குடிவந்து
வாடகை கொடுக்காமல் படுத்திருக்கிறது.
தரைக்கு மேல் பெட்டி கட்டுங்கள்,
புது மண் போடுங்கள்,
பிள்ளைகள் கீழே தோண்டவே கூடாது.

ஆடிப்பட்டம் தேடி
என்று பாதி சொல்லி நிறுத்திக்கொண்டேன்.
இந்த ஊர் ஆடியில் புல்நுனியெல்லாம் வெள்ளைப் பனி,
குழாயைத் தொட்டால் விரல் மரத்துப்போகும்.
ஐப்பசிவரை பலகை அறுத்தோம்.
லாரி மண்ணுக்குப் பணம் போதவில்லை.
நாங்கள் சமோசா விற்றோம்,
செமிசியின் அப்பா பன்றி வறுத்து விற்றார்.
அடுப்புகளை எதிரெதிர் மூலைகளில் வைத்தோம்.

பெட்டி ஐந்து. வெண்டை, தக்காளி, கீரை,
லூஜைன் வீட்டுப் புதினா, ஒரு வரிசை பீன்ஸ்.
பெயர் எழுதிய ஐஸ் குச்சிகள்.
காகிதத்தில் நான் போட்ட திட்டத்தைப் போலவே இருந்தது.
அதனால்தானோ என்னவோ
மூன்றாம் நாள் ஒருவரும் வரவில்லை.

நான்காம் நாள் பிபெக்கைப் பிடித்தேன்.
வெண்டை விதையைத் தோண்டி எடுத்து
முளைத்துவிட்டதா என்று பார்த்து
மறுபடி புதைக்கிறான்.
தினமுமா? தினமும்.
"பிறகு எப்படித் தெரியும்?"
என்னிடம் பதில் இருந்தது.
சொல்ல வெட்கமாயிருந்தது.

மிச்சப் பலகையில் ஆறாவது பெட்டி,
கட்டிலகலம், பிள்ளைகளின் இடுப்பளவு ஆழம்.
அதில் நடுவதில்லை.
தோண்டுவது மட்டும்.

அன்றிலிருந்து பள்ளிச் சீருடையோடு ஓடிவருகிறார்கள்.
மேக்பைக்கு இன்னும் கொத்துகிற வெறி அடங்காததால்
ஐஸ்கிரீம் டப்பாவில் கண் வரைந்து
தலையில் கவிழ்த்துக்கொண்டு
எட்டுப் பேர் ஒரே குழிக்குள்.
புதைந்தவை: ஒரு டைனோசர், அகரனின் பால்பல்,
என் வீட்டுச் சாவி,
மர்வா யாருக்கும் காட்டாமல் மடித்த ஒரு தாள்.
கை சலித்தவர்கள் எழுந்து
போகிற போக்கில் தக்காளிக்குத் தண்ணீர் விடுகிறார்கள்.
இரண்டாம் மாடி டிரெவர் கூச்சலைப் பற்றி
மூன்று கடிதம் எழுதியிருக்கிறார்.
நான்காவது, பீன்ஸ் பந்தல்
சரிந்துகிடப்பதைப் பற்றி.

கார்த்திகையில் கவுன்சில்காரர் அளவுநாடாவோடு வந்தார்.
பெட்டி பெட்டியாய்க் குறித்துக்கொண்டே போய்
ஆறாவதன் முன் குனிந்தார்.
இதில் என்ன பயிர்?
பிபெக் டப்பாவை நெற்றிக்குத் தூக்கி முகம் காட்டினான்.
"குழி."
படிவத்தின் அந்தக் கட்டத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு
'இன்னும் முளைக்கவில்லை' என்று எழுதினார்.

அது தப்பு.
நேற்றைவிட இன்று
ஒரு சாண் வளர்ந்திருக்கிறது.