செவ்வாய்க்கிழமை

பத்தேகாலுக்கு மோட்டார்சைக்கிள் சத்தம்.
விசுவமடுப் பக்கமிருந்து திரும்பி
எங்கட ஒழுங்கைக்குள் இறங்கும்போதே
நாய்க்கும் தெரியும்: லோன்காரப் பொடியன்.

கோழிக்கூட்டுக்குப் பின்னால் குந்துகிறேன்.
தறப்பாள் ஒரு துண்டு. எச்ச நாற்றம்.
ஒளிக்க இடம் ஆண்டவர் தருவார் என்று
ஞாயிறு பூசையில் வாசித்தது நான்தான்,
மைக்குக்கு முன்னால், நல்ல சீலையில்.

ஆண்டவரே, கொஞ்சம் தள்ளி இரும்,
உம்முடைய முழங்கால் வெளியே தெரிகிறது.

தள்ளி இருந்தார்.
அவருக்கும் மூச்சடைத்தது.
அடைக்கோழி ஒருதரம் கேற
இரண்டுபேரும் உறைந்துபோனோம்.

"எமில்டா அக்கா... எமில்டா அக்கா..."
மூன்றாம் தரம் கூப்பிடவில்லை.
தறப்பாள் ஓட்டையால் பார்க்கிறேன்.
ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி
நடுமுற்றத்தில் நிற்கிறான்.
காடு வெட்டின காணி, நிழலுக்கு ஒரு மரமில்லை.
சேட்டு முதுகோடு ஒட்டியிருக்கிறது.
கக்கத்தில் எங்கள் பெயர்கள் எழுதின கொப்பி.
அவனுக்கும் மேலே ஒருவன் இருப்பான்,
இன்னொரு கொப்பியோடு.

பக்கத்தில் திரும்பினால்
ஆண்டவரைக் காணவில்லை.
குந்தியிருந்த இடத்தில் மண் மட்டும் சூடாக.

அட, அங்கே நிற்கிறார்,
பொடியனுக்குப் பக்கத்தில்,
அதே வெய்யிலில், அதே தாகத்தோடு.

காசு இல்லை. இந்தக் கிழமையும் இல்லை.
எழும்பிப் போய்ச் செம்பைக் கழுவினேன்.
குழாய்க்கிணறு அடிக்கிற சத்தத்துக்கு
அவன் திரும்பிப் பார்த்தான்.
ஒன்றும் கேட்கவில்லை, குடித்தான்.
என் தலையில் கோழி இறகு இருந்ததைப்
பிறகுதான் கண்டேன்.