எது முந்துகிறதோ

மாளிகாவத்தை, மூன்றாம் மாடி.
சுற்றறிக்கை ஒன்றரைப் பக்கம்,
பிற்பகல் மூன்றுக்குள் தமிழ் வேண்டுமாம்.
வீடு இல்லை இனி. வாகனம் இல்லை.
செயலாளர், எரிபொருள், வாசலில் காவல் இல்லை.
ஓய்வூதியம் மட்டும் தொடரும்,
ஏனைய ஓய்வூதியர் போல
ஆண்டுக்கொரு முறை உயிர்ச்சான்றிதழ் தந்தால்.

முன்னாள் அரச தலைவர் என்பதில் சிக்கலில்லை.
அவருக்குப் பின்னால் வந்த சொல்லில்
என் பேனை நின்றது.
விதவை என்று எழுதினால் மேலதிகாரி வெட்டுவார்.
கைம்பெண் என்றால் சிரிப்பார்.
ஆணுக்குத் தபுதாரர் என்றொரு சொல் வைத்திருக்கிறோம்,
கந்தோருக்கு வெளியே
அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.
கடைசியில் எழுதினேன்:
உயிர்வாழும் வாழ்க்கைத்துணை.
எழுதியபின் பார்த்தால்
அந்த முதற்சொல்
செத்தவருக்குத் தெரியாமல் செய்த
சின்னக் களவு போல இருந்தது.

அடுத்த வரி மனப்பாடம்.
மறுமணம் செய்யும் வரை அல்லது இறக்கும் வரை,
இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரை.
இருபத்திரண்டு வருஷமாகத் தட்டச்சு செய்கிறேன்.
எண்பத்து மூன்று வயதுக்காரிக்கும்
இந்தப் பந்தயத்தில் அதே இரண்டு குதிரைகள்.

செவ்வாய்க்கிழமை கீழே இறங்கினேன்,
அறிவித்தல் பலகையில் என் தமிழ்
நேராக ஒட்டியிருக்கிறதா பார்க்க.
வாங்கில் அவர்.
ஒரு காலம் கலண்டரில்
கணவருக்குப் பக்கத்தில் சிரித்த முகம்.
முச்சக்கர வண்டியில் வந்திருக்கவேண்டும்,
தலைமயிர் காற்றில் கலைந்திருந்தது.
கையில் நாற்பத்தேழாம் இலக்கத் துண்டு.

நாற்பத்தெட்டு, கொட்டாஞ்சேனைப் பெனடிக்டா.
ஆளைத் தெரியவில்லை அவளுக்கு.
பேசியது சிங்களத்தில்;
பழக்கதோஷம், எனக்குள் தமிழாகி விழுந்தது.

"உங்கட அவர் எங்க வேலை?"
"அரசாங்கத்தில."
"எந்தத் திணைக்களம்?"
கொஞ்சம் யோசித்தார்.
"எல்லாத்திலயும் கொஞ்சம் கொஞ்சம்."
"எத்தனை வருஷம்?"
"ஆறு."

பெனடிக்டாவுக்கு உண்மையாகவே கவலை வந்துவிட்டது.
"ஆறுக்குத் தரமாட்டாங்களே அக்கா, பத்து வேணும்.
என்ட மனுசன் தெமட்டகொட யாட்டில
முப்பத்தொரு வருஷம் பெட்டி கொழுவினவர்.
அதிலயே ரெண்டு மாசம் கணக்கில் இல்லையெண்டு
ஏழு தரம் வர வைச்சாங்க.
நீங்க ஆரையும் பிடிச்சீங்களா?"

"இல்லை" என்றார்.
ஊரெல்லாம் பிடிக்கத் தேடிய அந்த ஆரோ
ஆறு வருஷம்
இவருக்கு எதிரே இருந்து பாண் தின்றவர்.

நாற்பத்தேழு.
படிவத்தில் இருந்து கண்ணை எடுக்காமல்
லலந்தி கேட்டாள்:
"மறுமணம் செய்ததா?"
பின்னாலிருந்து பெனடிக்டா,
"ஆள் இருந்தால் சொல்லுங்க மிஸ்,
ரெண்டு பேர் இருக்கிறம்."
அவர் சிரித்த சிரிப்பு
கலண்டரில் இருந்ததில்லை.
பல் ஒன்று இல்லை, மேல்வரிசையில்.

லலந்தியின் விரல்
'கணவரின் பதவி' என்ற கட்டத்துக்கு வந்தது.
ஒரு முறை வாசித்தாள்.
இன்னொரு முறை.
கதிரையை விட்டுப் பாதி எழுந்தாள்.
எழும்புவதா இருப்பதா என்று
என் சுற்றறிக்கையில் ஒரு வரியும் இல்லை.
அப்படியே நின்றாள் கொஞ்ச நேரம்,
முழங்கால் மடிந்தபடி,
கை மட்டும் முத்திரையைத் தேடியது.

"இங்கே கையொப்பம்" என்றாள், மெதுவாக.
மை காயும்வரை ஊதினாள்.
பிறகு உட்கார்ந்து,
நாற்பத்தெட்டு என்றாள்.