இவன் அல்ல

உலான்பாத்தரின் வடக்குச் சரிவு,
மைனஸ் முப்பத்தொன்று.
குனிந்து நுழைகிறேன்.
வட்டக் கூடாரத்தின் நடுவே அடுப்பு,
அடுப்பின் வாயில் கரிக்கட்டி,
மற்ற எல்லார் வாயிலும் இருமல்.

பையனுக்கு இரண்டு வயது.
பெயர் கேட்டு எழுதுகிறேன்: எனெபிஷ்.
எங்கள் மொழியில் ‘இவன் அல்ல.’
முன்னால் பிறந்தவனுக்கு நல்ல பெயராகத் தேடி வைத்தார்களாம்.
ஏழாம் மாதம் நெஞ்சு கட்டி
விலா உள்வாங்கி
ஒரே ராத்திரியில் போய்விட்டான்.
அதனால் இவனுக்கு இப்படி.
தேடி வருவது எதுவானாலும்
வாசலில் நின்று விசாரித்தால்
இவன் அல்ல,
வேறு வீடு பார்.

குச்சி மெல்லியது, நுனியில் நைலான் இழை.
மேல்நோக்கிச் செலுத்தக் கூடாது;
மூக்கின் தளத்தோடு, காதைக் குறிவைத்து,
பின்சுவர் தட்டும்வரை.
ஐந்து எண்ண வேண்டும்.
மூன்றிலேயே வீறிட்டான்.
செவெல்மா அவன் கைகளைத் தன் அங்கியின் மடிப்புக்குள் இறுக்கிக்கொண்டாள்.

குப்பியில் இருப்பது பால், என்றேன்,
கொழுப்பு எடுத்தது,
உறையும்போது கிருமி சாகாதிருக்க.
சிரித்துவிட்டாள்.
சொல்லியிருந்தால்
காலையில் வானத்துக்குத் தெளித்ததில்
கொஞ்சம் மிச்சம் பிடித்திருப்பேனே.

ஆய்வகத்தில்
செம்மறி ரத்தம் கலந்து இறுகிய தட்டு.
ஒரு ராத்திரி போதும்.
விடிந்தால் சிவப்பின்மேல் பச்சை வளையங்கள்,
ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும்
யாரோ கட்டைவிரலால் அமுக்கியதுபோல் குழி.

வியாழக்கிழமை திரும்பப் போனேன்.
இருக்கிறதா?
இருக்கிறது.
நோயா?
இல்லை, குடியிருக்கிறது, அவ்வளவுதான்.
இந்தச் சரிவில் எத்தனையோ பிள்ளைகள் மூக்கில் இருக்கிறது.
சில வாரம் தங்கும், கிளம்பும்,
காலியான இடத்துக்கு வேறொன்று வரும்.
எப்போதாவது ஒன்று
நெஞ்சுக்குள் இறங்கும்.
ஏன் அந்தப் பிள்ளைக்கு என்று கேட்டால்…

அவள் கேட்கவில்லை.
அதற்கென்ன பெயர், என்றாள்.
எண்தான். பத்தொன்பது, கூடவே ஓர் எழுத்து.
சூப்பைக் கிளறிய கை நின்றது.
பாவம்,
அதன் அம்மாவும் பயந்துபோய்த்தான்
பெயர் வைத்திருக்கிறாள்.

வெளியே லாரி நின்ற சத்தம்.
கன்சோரிக் உள்ளே வந்தான்,
மீசைப் பனி உருகுமுன்
பையனைத் தூக்கி
உச்சி மோந்தான்,
மூச்சு முட்டும்வரை இழுத்து.

ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.
படிவத்தில்,
வீட்டில் உள்ளோர்: மூன்று
என்று எழுதினேன்.

அப்பாவின் தோளுக்கு மேலாக
என்னை அடையாளம் கண்ட எனெபிஷ்
இரண்டு கையாலும்
மூக்கைப் பொத்திக்கொண்டான்.