நூற்று எழுபது பாகை

வலக்கண் மைனஸ் ஆறேகால்.
இடக்கண் மைனஸ் ஐந்தரை, கூடவே ஒரு சிலிண்டர்,
அச்சு நூற்று எழுபது பாகை.
இந்த ஜாதகத்தை வைத்துக்கொண்டுதான்
ஆயிரத்து எண்ணூற்றுப் பதின்மூன்றுக்குள்
நுழையப் பார்த்தேன்.

லைப்சிக்குக்குத் தெற்கே மார்க்கிளேபெர்க்,
அக்டோபர் சேறு.
ஆண்டுதோறும் பிரெஞ்சுப் படை அங்கே தோற்கிறது,
தோற்றவர்கள் மாலையில் பியர் வாங்கித் தருகிறார்கள்.
எனக்கு மருத்துவக் கூடாரத்தில் வேலை:
காயம்பட்டவர்களின் பெயரெழுதுவது.
இறகுப் பேனா சரி, மை சரி, தகரக் குவளை சரி.
"மூக்கில் இருப்பதை மட்டும் கழற்று" என்றார்
டெட்லெஃப் க்ராம்னிட்ஸ்,
பொத்தானையும் தையலையும்
பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற மனிதர்.

கழற்றினேன்.
முதல் வருஷப் போர் முழுக்க
கஞ்சித் தண்ணீரில் கரைந்த நீலமும் வெள்ளையும்.
குதிரைக்கும் கூடாரத்துக்கும் வாடையில்தான் வித்தியாசம்.
இடது காலில் குண்டு பட்டவனுக்கு
வலது காலை வெட்டச் சொல்லி எழுதிவிட்டேன்.
சிரித்தார்கள். நானும் சிரித்தேன்,
யார் சிரிக்கிறார்கள் என்று தெரியாமலே.

கான்டாக்ட் லென்ஸ் போடலாமே என்றார்கள்.
விமான நிலையப் பொதிக் கிடங்கில் இரவு வேலை,
வறண்ட காற்று;
என் கண்ணில் லென்ஸ் மணலாய் உறுத்தும்.

ஹாலே சந்தையில் ஒரு வட்ட எஃகுச் சட்டகம்.
விற்றவர் 1810 என்றார்.
க்ராம்னிட்ஸ் உதட்டைப் பிதுக்கி 1840 என்றார்.
போலந்திலிருந்து தபாலில் வந்தது
திருகாணியில் மாட்டிக்கொண்டது:
தலையில் சிலுவைக் கோடு.
அந்தக் காலத்துக்கு ஒற்றைக் கோடுதான்.
கடைசியில் உல்மில் ஒரு பெண் செய்து அனுப்பினாள்,
மூன்று மாதம், நூற்றுத் தொண்ணூறு யூரோ.
கைகள் காதைத் தொடாமல்
நெற்றிப்பொட்டில் வந்து அழுத்தும்,
நுனியில் காசளவு வளையம்.

கடையில் விப்கே தோர்மன் அதை விரலில் உருட்டிப் பார்த்தாள்.
"சின்ன வட்டம், நல்லது, ஓரம் தடிக்காது.
ஆனால் உங்கள் இடக்கண்ணுக்கு
அப்போது வைத்தியமே இல்லை.
சிலிண்டர் வில்லை வர
இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கிறது.
போடட்டுமா, காத்திருக்கிறீர்களா?"

"போடுங்கள்" என்றேன். "வெளியே தெரியாது."

எனக்குத் தெரிந்தது.
வட்டச் சட்டத்துக்குள் வட்ட வில்லை சுழலும்.
பீரங்கி வெடிக்க வெடிக்க
அச்சு ஒரு பாகை, இரண்டு பாகை நழுவி
மதியத்துக்குள் தேவாலயக் கோபுரம்
குடிகாரனைப் போலச் சாய்ந்தது.
நகத்தால் வில்லையைத் திருப்பி
கோபுரத்தை நிமிர்த்தினேன்.

கோபுரத்தோடு மற்றதெல்லாம் நிமிர்ந்தது.
செத்துக் கிடப்பவன் மணிக்கட்டில்
வாட்ச் கழற்றிய வெள்ளைத் தடம்.
சேணத்தில் நைலான் நூல்.
மேலே, தாழப் பறக்கும் சரக்கு விமானம்,
அதற்குள்
நாளை இரவு நான் வாசிக்க வேண்டிய முகவரிகள்.
போன வருஷம்தான், ஒன்றும் தெரியாத அந்த வருஷம்தான்,
நான் உண்மையிலேயே அங்கே இருந்தேன் போலும்.

க்ராம்னிட்ஸ் வந்தார்.
ஒரு சாண் தூரத்தில் குனிந்து என் முகத்தைச் சோதித்தார்.
கை சரி. வளையம் சரி. திருகாணி சரி.
"எஃகில் நீலம் பூத்திருக்கிறது, அருமை."
என் தோலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை;
விதிப்புத்தகத்தில் அதற்குப் பக்கம் இல்லை.

அவ்வளவு அருகில்
அவர் கண்ணை நான் பார்த்தேன்:
சாம்பல் விழியைச் சுற்றி
நீர்மேல் மிதக்கும் மெல்லிய விளிம்பு.
இமைத்தபோது
மயிரிழை நழுவி, திரும்ப அமர்ந்தது.

நான் வாய் திறக்கவில்லை.
பார்த்துவிட்டேன் என்று அவருக்கும் தெரிந்தது.

இறகை மையில் தொட்டேன்.
"அடுத்தவர் பெயர்?"
"க்ராம்னிட்ஸ். டெட்லெஃப்."
"காயம்?"
கொஞ்சம் தயங்கி,
"கண்" என்றார்.