ஆணிக்கு இருபது ரூபாய்

பலகையில் தெலுங்கு.
கைப்பேசி எண் மட்டும்தான் எனக்குப் படிக்க வந்தது.
சத்தியவேடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
ஐந்து வீட்டு வரிசையில் நான்காவது.
ஊத்துக்கோட்டையிலிருந்து தினம் வந்து போவதைவிட
இந்த வாடகை தேவலாம்.

முனிரத்தினம் வாசலோடு நின்றுகொண்டார்.
"உள்ள இருக்காங்க, பாத்துக்கோம்மா.
ஞாயித்துக்கிழமை காலியாயிடும்."
ஏழு மாதப் பாக்கியை
என்னிடம் தமிழில் சொன்னார்,
கதவைப் பார்த்துத் தெலுங்கில், கொஞ்சம் சத்தமாக.

நைட் ஷிப்ட் முடித்தவர்போல
சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார் ஒருவர்.
அவருடைய நைட் ஷிப்ட்டை நிறுத்தி
எட்டு மாதமாம்.

அவர் மனைவி தேசம்மா
வீட்டை விற்க வந்தவள்போலச் சுற்றிக் காட்டினாள்.
"தண்ணி நாலு மணிக்கு.
நாலரைக்கு எழுந்தா வெறுங்குடம்தான்.
இந்த சுவிட்சை ஈரக்கையால தொடாதீங்க.
பக்கத்து வீட்ல ராத்திரி கத்துவான்,
கண்டுக்காதீங்க, காலையில நல்லவன்."

பிறகு குரலை இறக்கி:
"ஆணி பத்தொம்பது.
அவர் இருபத்தொண்ணும்பார்.
ரெண்டு நாங்க வரும்போதே இருந்தது.
ஆணிக்கு இருபது ரூபாய் அட்வான்ஸ்ல பிடிப்பார்."

அட்வான்ஸ்தான் வாடகையில் கரைந்துவிட்டதே என்றேன்.
"இருந்தாலும்
கணக்குன்னு ஒண்ணு இருக்குதில்ல."

கிளம்பும்போது படுத்திருந்தவர்
திரும்பாமலே கேட்டார்.
என் கழுத்துப் பட்டையை எப்போது பார்த்தாரோ.
"எந்த லைன்?"
"மூணு. கான்ட்ராக்ட்தான்."
"மூணுல பெல்ட் வெடுக்குனு இழுக்கும்.
துப்பட்டாவை முடிஞ்சுக்கம்மா."

வெளியே பைக்மேல் வைத்து
முனிரத்தினம் பணத்தை இருமுறை எண்ணினார்.
ஓரம் கிழிந்த ஐந்நூறு ஒன்றைத் திருப்பித் தந்தார்.
"பிள்ளைக்குப் பரீட்சைன்னாங்க, ரெண்டு மாசம் விட்டேன்.
பேங்க்காரன் எனக்கு விடுவானா?"
நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.
வேறு நோட்டு கொடுத்தேன்.

ஞாயிறு மாலை
தரையில் ஈரம் காயவில்லை.
பெருக்கித் துடைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள்.
பெட்டியை இறக்கி வைத்து
விளக்கைப் போட்டு, முதல் வேலையாக
ஆணிகளை எண்ணினேன்.

இருபது.

கதவுக்குப் பின்னால் பார்த்தேன்,
பரணுக்கு அடியில் தடவினேன்,
மறுபடி எண்ணினேன்.
இருபதுதான்.

பையை எதிலும் மாட்டாமல்
தரையிலேயே வைத்துப் படுத்தேன்.
நாலு மணிக்குத்
தண்ணீர் வந்தது.