சொத்தை

முப்பத்தொரு வருடம்
பிறர் வாய்க்குள் குனிந்து நின்றவள் நான்.
ஹெர்னோசாண்டில் கிளினிக்கை மூடிய மாதமே
வேலை எங்கே என்று கை கேட்டது.
ஒரு சாப் 96 வேண்டும். டூ ஸ்ட்ரோக் எஞ்சின்.
மற்றதெல்லாம் பிறகு.

வளைந்த முனை ஊசி ஒன்றை மட்டும்
விற்காமல் வைத்திருந்தேன்.
ஃபிரிட்ஜ் கதவிலிருந்து ஒரு காந்தமும்
சட்டைப்பையில்.

முதல் கார் யேவ்லேயில்.
தக்காளிச் சிவப்பு. மெழுகுமேல் மெழுகு.
அதில் என் முகம்
என்னைவிடப் பத்து வயது இளையதாயிருந்தது.
விற்பவர் ரூனே காபி தந்தார்,
இலவங்கப்பட்டை பன் தந்தார்,
ஒரே ஓட்டுநர், ஒரே கராஜ் என்றார்.
கதவின் கீழ் ஓரத்தில் காந்தத்தை வைத்தேன்.
விழுந்தது.
ஒரு சாண் தள்ளி வைத்தேன்.
விழுந்தது.
"குளிர்," என்றார் ரூனே. "காந்தத்துக்கும் விறைக்கும்."
விரல் கணுவால் தட்டினேன்.
தகரம் என்றால் கணீரென்று பதில் வரும்;
இங்கே பட்டிதான் முனகியது.
இத்தனை அடைப்பை ஒரே வாயில்
நான் கண்டதே இல்லை.
பன் மட்டும் நிஜம்.
நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

இரண்டாவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.
பின் இருக்கையில் ஒரு கோழி அடைகாத்தது.
எழுந்திருக்க மறுத்தது.
வீட்டுக்காரி கோழியின் கட்சி.
பார்க்கப் பார்க்க நானும்.

மூன்றாவது, ஹம்மர்ஸ்ட்ராண்டுக்கும் மேலே,
பூட்ஸை உறிஞ்சும் சேற்றுப்பாதை முடிகிற இடத்தில்.
சாம்பல் பச்சை, அல்லது பாசி.
அதன்மேல் எங்கெங்கும்
வெள்ளை சாக்பீஸ் வட்டங்கள்:
முன் மட்கார்டில் மூன்று, கதவுகளில் ஐந்து,
டிக்கி மூடியில் ஒன்றையொன்று தொட்டபடி நான்கு.
"அரித்த இடங்கள்," என்றார் சிக்ஸ்டென்.
"பதினேழு. எண்ணிக்கொள்ளுங்கள்.
கீழே மட்டும் பார்க்கவில்லை.
படுத்தால் இடுப்பு எழவிடாது."
உதட்டை இறுக்கியே பேசினார்.
கீழ்வரிசை, இடப்பக்கம், ஆறாவது.
பழைய வலி.
நான் கேட்கவில்லை.

வட்டம் வட்டமாக ஊசியால் குத்தினேன்.
நல்ல தகரம் ஊசியைத் திருப்பி அனுப்பும்,
கெட்டது ஈறைப்போல வாங்கிக்கொள்ளும்.
பதினேழும் வாங்கிக்கொண்டன.
ஒன்றுகூடப் பொய்யில்லை.

பிறகு காருக்கடியில் படுத்தேன்.
முதுகில் ஈரம் ஏறியது.
ஜாக் செருகும் குழாய்க்குப் பின்னால்
ஊசி முழுதாக உள்ளே போய்
வெளியே வரத் தயங்கியது.
கையை மட்டும் நீட்டி சாக்பீஸ் கேட்டேன்.
பதினெட்டாவது வட்டத்தை நானே போட்டேன்.

"அதற்கு ஐந்நூறு குரோனா குறைத்துக்கொள்ளுங்கள்."
"வேண்டாம்," என்றேன்.
ஏன் என்று இன்னும் தெரியவில்லை.
யேவ்லேயில் ஒரு குரோனாவைக்கூட
விட்டிருக்க மாட்டேன்.

சாவியைத் திருப்பினார்.
மூன்று சிலிண்டரும் தனித்தனியே யோசித்தன,
இருமின, பிறகு ஒத்துக்கொண்டன.
சோளம் பொரிகிற சத்தம்.
நீலப் புகை எங்கள் இருவரையும்
ஒரு நிமிடம் இல்லாமல் ஆக்கியது.

சொத்து. சொத்தை.
கடைசி எழுத்தில்தான் வேறுபாடு.
காகிதத்தில் கையெழுத்திடும்போது
எதை வாங்குகிறேன் என்று
திருப்பிப் படிக்கவில்லை.

கிளம்பும்போது சொன்னேன்:
"அந்தப் பல்லை யாரிடமாவது காட்டுங்கள்."
"எந்தப் பல்?" என்றார் சிக்ஸ்டென்.
அன்று அவர் சொன்ன ஒரே பொய்.

சொலெஃப்தியோ தாண்டியதும் மழை.
டிரெய்லரின் மேல் கார் நனைந்துகொண்டே வந்தது.
வீடு சேர்ந்தபோது பதினேழும் கரைந்திருந்தன,
வெறும் பச்சை, எதையும் ஒப்புக்கொள்ளாத பச்சை.
விரல் தானாகத் தேடிப் போயிற்று,
பிடுங்கிய பல்லின் குழிக்கு
நாக்கு போவது போல.
டார்ச்சோடு மறுபடி கீழே படுத்தேன்.
என்னுடையது மட்டும்
நனையாமல் இருந்தது.